உடம்பைக் கவனி என்பவர்களின் கவனத்துக்கு

மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையில் 6.1 என்று வந்ததிலிருந்து எனக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. 5.7-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நீங்க நடுவுல நிக்கிறீங்க என்றார் டாக்டர். நடங்க, காய்கறி நிறைய சேர்த்துக்கோங்க, நிதானமா மென்னு சாப்பிடுங்க, உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அவ்வளவுதான், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அதன் பிறகு கொழுந்தனார், மாடி வீட்டு அக்கா, ஆபீசில் பக்கத்து மேஜைக்காரி, தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் வரைக்கும் அதையே ஆளுக்கொரு ராகத்தில் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அறிவுரை தப்பு என்று நான் சொல்லவில்லை. என்னைப்போல் நோயின் வாசற்படியில் நிற்கிற 531 பேரை வைத்து, நம் சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டார்கள். மூன்றாண்டுக் கணக்கில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் அது 39-தான். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். ஆக, ஒழுங்கான நடையும் சாப்பாடும் ஒரு மாத்திரைக்கு ஈடு. ஒப்புக்கொள்கிறேன். என் வயிற்றெரிச்சல் வேறு. இதையெல்லாம் செய் என்கிற அதே வீடும் அதே ஆபீசும் அதே தெருவும் அதில் எதையும் செய்ய விடுவதில்லை.

நடையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது சென்னையை ஒட்டிய புறநகர். இருட்டு பிரிவதற்குள் கிளம்பினால் கழுத்துச் செயினுக்குப் பயப்பட வேண்டும், விடிந்த பிறகு கிளம்பினால் ஸ்கூல் வேனுக்கு. நடைபாதை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், அதை அடுத்து உறை போர்த்திய கார். வடிகால் மூடியில் ஒன்று ஆடும், அடுத்தது இருக்கவே இருக்காது. எதிரே தண்ணீர் லாரி ராங் சைடில் வரும். பாதம் தரையில் படுவதை உணர்ந்து நடங்கள் என்று ஒரு வீடியோவில் ஓர் அம்மா சொல்கிறார்: குதிகால் முதலில், பிறகு பாதத்தின் வெளியோரம், கடைசியில் பெருவிரல். அவருக்குப் பின்னால் பச்சைப் புல்தரை. எங்கள் தெருவில் பாதம் எங்கே படுகிறது என்பதை நான் ஏற்கெனவே முழுக் கவனத்தோடுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மணி. பார்க்காவிட்டால் வடிகாலுக்குள் இருப்பேன்.

நடக்கிறவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கு, 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் தடையில்லாத நடைபாதை என்று அதில் எழுதியிருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதை திறந்தார்களே, ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். பாட்டிகள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். இடம் கொடுத்தால் சனம் நடக்கத்தான் செய்கிறது. 2023-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அடையாளம் காட்டியது, நல்ல காரியம். ஆனால் நடப்பதற்காக நான் வண்டி ஏறிப் போகவேண்டிய தூரத்தில் அது இருக்கிறது. மொட்டை மாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்குப் பூட்டும் இருக்கிறது. “மேல நடந்தா கீழ் ஃப்ளோர்காரங்களுக்கு டம் டம்னு கேக்குதாம் மேடம்” என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்ட எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், அடுத்த மூச்சிலேயே “வாக்கிங் போறீங்களா?” என்று விசாரிக்கிறார்.

மகன் முதல் சம்பளத்தில் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டான். நாளுக்குப் பத்தாயிரம் அடி போகவேண்டுமாம். இந்தப் பத்தாயிரத்தை எந்த மருத்துவரும் ஆராய்ந்து எழுதிக் கொடுக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்க வந்தது. கருவியின் பெயரிலேயே பத்தாயிரம் அடியைச் சேர்த்துவிட்டது. விளம்பரம் வேதவாக்காகிவிட்டது. அமெரிக்காவில் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு, சராசரி வயது 72 உள்ள பெண்களைப் பார்த்து 2019-ல் வேறு கணக்குச் சொன்னது: 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் நன்றாகக் குறைந்திருந்தது, 7,500 வாக்கில் பலன் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிட்டது. இதைச் சொன்னால், “அது வயசானவங்களுக்கும்மா, உனக்கு 52-தானே” என்கிறான் பிள்ளை. வேறு சமயங்களில் என்னை வயசானவள் என்று சொல்ல அவனுக்குத் தயக்கமே இருந்ததில்லை.

அந்தக் கடிகாரத்தின் நியாயமும் தனி நியாயம். தேங்காய் துருவினால் சில அடிகள் ஏறுகின்றன. இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினால், கை வீசவில்லை என்று பாதியை விழுங்கிவிடுகிறது. காலை மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கோட்டை வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வருகிறேன். பல்லாவரம் தாண்டியதும் மணிக்கட்டு அதிர்கிறது: ‘நீண்ட நேரமாக அசையவில்லை, கொஞ்சம் நடங்கள்.’ எங்கே நடப்பது? முன்னால் நிற்கிறவர் தோளிலா?

ஆபீசுக்கு வருவோம். ஊழியர் நலன் என்று எங்கள் மேலாளருக்குத் திடீர் அக்கறை வந்தது. ‘கவனத்தோடு சாப்பிடுவது எப்படி’ என்று ஒரு நிபுணரை ஆன்லைனில் பேச வைத்தார்கள். எப்போது? மதியம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை. அதுதான் எங்கள் சாப்பாட்டு நேரம். வருகைப் பதிவு உண்டு, கட்டாயம். கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை மூடிவிட்டு, டிபன் பாக்ஸை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாரும் திரையைப் பார்த்தபடி லபக் லபக்கென்று விழுங்கிக்கொண்டிருந்தோம். அந்தம்மா மெல்லிய குரலில் சொல்கிறார்: “சாப்பிடும்போது திரையைப் பார்க்காதீர்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிஷம் பிடிக்கும். ஒவ்வொரு கவளத்தையும் ருசியுங்கள்.” பக்கத்து மேஜைக்காரி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். புளிசாதம் புரையேறிவிட்டது. கூட்டம் முடிந்ததும், ‘எவ்வளவு பயனடைந்தீர்கள்?’ என்று ஐந்து நட்சத்திரத்தில் மதிப்பெண் போடச் சொல்லி மெயில் வந்தது. ஒன்று ஐம்பதுக்கு அடுத்த மீட்டிங்.

உடம்பு சொல்வதைக் கேட்பது என்றால், அது மிகத் தெளிவாகச் சொல்வது இரண்டு: தாகமாக இருக்கிறது, பாத்ரூம் போக வேண்டும். ரயிலிலும் பஸ்ஸிலும் இரண்டு மணி நேரம் போகிற பெண்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் தண்ணீரைக் குடிக்காமல் விடுவது எதனால் என்று எந்த நிபுணரும் கேட்டு நான் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை நிற்கிற பெண்ணுக்குக் கால் வலிக்கிறது என்று அவள் உடம்பு சொல்லாமலா இருந்தது? அந்தப் பெண் ஒரு முக்காலியில் உட்கார்வதற்குத் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவளுக்கு இருந்தது உடலுணர்வுக் குறையா, முக்காலிக் குறையா?

காய்கறி விஷயம். ஐதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று போட்டிருக்கிறது. சரியான அளவாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். முருங்கைக்கீரை உருவி, பீன்ஸுக்கு நார் எடுத்து, வாழைப்பூவை ஆய்ந்து, மோரில் போட்டு, அதை யார் நறுக்குவது? ‘நார்ச்சத்து சேர்த்துக்கோங்க அண்ணி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கொழுந்தனார் வீட்டுக்கு வந்தால் சோபாவில் சாய்ந்தபடி, “இன்னைக்கு வெறும் கூட்டு மட்டுந்தானா? வறுவல் ஏதும் இல்லையா?” என்கிறார். சிறுதானியத்துக்கு மாறலாம் என்று வரகரிசி வடித்தேன். வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துவிட்டு, “உனக்கு இது நல்லதும்மா, எனக்கு நம்ம சோறே போடு” என்றார். இப்போது இரண்டு குக்கர் வைக்கிறேன். எனக்கு ஓய்வு தேவை என்பதும் அதே டாக்டர் சீட்டில்தான் இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாப்பிட்டது போதும் என்று சொன்னால் விடுவதில்லை பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

இது ஒன்றரை வயதில் ஆரம்பிக்கிறது. எதிர்வீட்டுப் பேத்தி பாதிக் கிண்ணம் சாப்பிட்டதும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பும். அவளுக்கு எந்த யோகா வகுப்பும் தேவையில்லை. தன் வயிறு நிறைந்தது அவளுக்குத் துல்லியமாகத் தெரிகிறது. உடனே ஒரு ஃபோனை முன்னால் நீட்டுவார்கள். பொம்மை ஆடும், குழந்தை வாய் பிளக்கும், அந்த நொடியில் மிச்சக் கிண்ணமும் உள்ளே போய்விடும். குழந்தையின் பசிக் குறியையும் நிறைவுக் குறியையும் பார்த்து ஊட்டுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல்கூட எழுதியிருக்கிறது. “எழுதுவாங்க, எடை ஏறலைன்னா அவங்களா வந்து பாப்பாங்க?” என்கிறார் பாட்டி. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். நாற்பது வயதில் காசு கட்டி ஒரு வகுப்பில் சேர்ந்து, வயிறு நிறைவதை உணர்வது எப்படி என்று கற்றுக்கொள்ளும்.

விருந்து வீடுகளில் நடப்பது இன்னும் மோசம். இலைமேல் இரண்டு கையையும் விரித்து, வேண்டாம் என்றால், விரல் சந்து வழியாக ஜாங்கிரியை இறக்குகிற கைத்திறன் நம் சொந்தக்காரர்களுக்கு உண்டு. “சுகரா? யாருக்குத்தான் இல்ல? ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, ராத்திரி மாத்திரையை ஒண்ணு சேத்துப் போட்டுக்கோ” என்று வைத்தியமும் சொல்லிவிடுவார்கள். எனக்கு மாத்திரையே இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், “அப்ப என்ன பயம், இன்னொண்ணு வை” என்று பந்தியில் பரிமாறுகிறவரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். மீறி மறுத்துவிட்டால் அது வயிற்றுச் சேதியாகப் போய்ச் சேர்வதில்லை. அவங்க வீட்டு விசேஷத்துக்கு நாம சரியா செய்யலைன்னு மனசுல வெச்சிருக்கா என்று போய்ச் சேர்கிறது. என் மாமியார் இன்றைக்கும் கடைசியில்தான் சாப்பிடுகிறார். சட்டியில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், வழித்துப் போட்டுக்கொள்வார். எழுபத்தாறு வயதில் அவர் உடம்பு என்ன சொன்னது என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது இரண்டு வேளை இன்சுலின்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் மெதுவாக நடந்தால் சர்க்கரை ஏறுவது தணியும் என்பது நிஜம். கால் தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. கல்யாண மண்டபத்தில் அதையும் செய்து பார்த்தேன். கை கழுவிவிட்டு வெளியே இரண்டு சுற்றுச் சுற்றி வருவதற்குள், சின்ன மாமியார் ஆள் விட்டுத் தேடி, கையில் ஐஸ்கிரீமும் பீடாவும் திணித்து, “பீடாவுல குல்கந்து இருக்கு, உடம்புக்குக் குளிர்ச்சி” என்றார்.

எனவே விருந்துக்குக் கூப்பிடுகிற சொந்தபந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோ அனுப்ப வேண்டாம், வரகரிசிப் பொட்டலமும் வேண்டாம். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினால் என்ன கோபம் என்று கேட்காதீர்கள். கோபம் ஒன்றுமில்லை. வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.