‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்னும் பொய்

மேட்டூர் நிரம்பினால் போதும், மறுநாள் செய்தியில் அந்த வாக்கியம் வந்துவிடும்: ‘உபரிநீர் வீணாகக் கடலில் கலக்கிறது.’ எல்லாக் கட்சிக்காரர்களும் ஒத்துப்போகும் வாக்கியம் தமிழ்நாட்டில் அநேகமாக இது ஒன்றுதான். சூலூர் டீக்கடையிலும் இதே பேச்சு. அந்த ‘வீணாக’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. மழைமறைவுப் பகுதியான கொங்கில், ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பார்க்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கடலில் டயட்டம் என்றொரு உயிர் இருக்கிறது. ஒற்றைச் செல் பாசி. தன்னைச் சுற்றி சிலிக்காவில், அதாவது கண்ணாடியின் மூலப்பொருளில், ஓடு கட்டிக்கொள்ளும். மூடியும் பெட்டியுமாக, குங்குமச் சிமிழ் மாதிரி. உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் வேலை. உக்கடம் மார்க்கெட்டில் நாம் பேரம் பேசி வாங்கும் மத்திக்கு இதுதான் சோறு. சென்னைக் கரையில் மிதக்கும் டயட்டங்களை ஆர். சுப்ரமணியன் 1946லேயே வகைப்படுத்தி எழுதிவிட்டார். நமக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை.

ஓடு கட்ட சிலிக்கா எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு ஆறுகள் வழியாக. வெள்ளியங்கிரியில் பெய்யும் மழை பாறையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்து, நொய்யலாக இறங்கி, சூலூர், திருப்பூர் தாண்டிக் காவிரியில் சேர்க்கும் சரக்கு அது. டயட்டத்துக்கு சிலிக்காவும் நைட்ரஜனும் ஏறக்குறைய சரிக்குச் சரி வேண்டும். அணையில் தண்ணீர் அசையாமல் நின்றால் நன்னீர் டயட்டங்கள் அங்கேயே பெருகி, சிலிக்காவை எடுத்துக்கொண்டு, செத்து வண்டலில் படிந்துவிடும். சாக்கடையும் உரமும் கொண்டுபோகும் நைட்ரஜனுக்கோ குறைவே இல்லை. இந்தக் கணக்கு கோணிப்போனால் கடலில் டயட்டம் பின்வாங்கும். சிலிக்கா தேவைப்படாத பாசிகள் அந்த இடத்தைப் பிடிக்கும். அவற்றில் சில நஞ்சு.

டான்யூப் ஆற்றில் அணைகள் எழுந்த பிறகு கருங்கடலில் இதுதான் நடந்தது என்று 1997இல் ஹம்போர்க் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எந்த அணை எவ்வளவு பிடித்துவைத்தது என்பதில் பிறகு வாதம் நடந்தது; கடலில் பாசிகளின் ஆட்சி மாறியதில் வாதம் இல்லை. அரபிக்கடலில் காரணம் வேறு. அங்கே நீரில் ஆக்சிஜன் குறைந்ததால், குளிர்காலத்தில் டயட்டம் பூத்த இடத்தை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது என்று 2014இல் ஒரு ஆய்வு சொன்னது. பாம்பன் பக்கம் மீனவர்கள் பூங்கோரை என்பது அதைத்தான். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடா பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கலாம். அதற்கு நொய்யல் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் மாறுவதை முதலில் காட்டிக்கொடுப்பது இந்தச் சின்ன உயிர்கள்தான் என்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார்: “ஏனுங்க தம்பி, இங்க தென்னைக்கே தண்ணியக் காணோம். கண்ணுக்குத் தெரியாத பாசிக்கு ஆத்தை வுடோணுமாக்கும்?”

நியாயமான கேள்வி. அணையை உடை என்று யாரும் சொல்லவில்லை. 2024இல் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்று முடிவுகட்டியவன், என்ன போகிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை போனது எப்படி? நல்ல தண்ணியை மறிக்க அத்தனை மெனக்கெடுகிறோம். சாக்கடை வீணாகக் கடலுக்குப் போகுதே என்று யாராவது மறியல் செய்ததுண்டா?

‘சரி, டயட்டத்தால் நமக்கு என்ன லாபம்?’ என்பீர்கள். மண்ணில் படிந்த டயட்டம் ஓடுகளில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்துத்தான் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம்மூர்க் கிணறுகளில் பாறைக்கு வைத்த வெடியின் பாட்டன் அது. பீர் வடிகட்டுவதும் அந்த மண்ணில்தான். தண்ணீரில் கிடைத்த பிணம் மூழ்கிச் செத்ததா என்று அறிய எலும்பு மஜ்ஜையில் டயட்டம் தேடுகிறார்கள்.

ஆற்றுக்கும் அதே சாட்சியைக் கூப்பிடலாம். ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு தரமான நீரைத் தாங்கும். அதனால் கல்லில் ஒட்டியிருக்கும் டயட்டக் கூட்டம் பல வாரங்களின் கதையைச் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்திலேயே ஆற்றடிப் பாசிகளை அளவுகோலாகச் சேர்த்துவிட்டது. இங்கே பாட்டிலில் பிடித்த ஒருவேளைத் தண்ணீரை வைத்துத்தான் பெரும்பாலும் தீர்ப்பு. ராத்திரி திறந்துவிட்ட சாயம் பகலில் பிடித்த பாட்டிலில் எப்படிச் சிக்கும்?

சூலூர் பெரிய குளம், சின்னக் குளம், நொய்யலின் தடுப்பணைகள் எல்லாவற்றிலும் மாதம் ஒருமுறை கல்லைச் சுரண்டிப் பாருங்கள். சுரண்ட ஒரு பழைய டூத் பிரஷ் போதும். மைக்ராஸ்கோப்புக்குக் கோவைக் கல்லூரிகளில் பஞ்சமில்லை. வந்த முடிவை, குளக்கரையில் நடைபாதை திறந்துவைத்த கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஊர் பார்க்க எழுதி வையுங்கள். கடலுக்கு நாம் எதை அனுப்புகிறோம் என்று படித்த பிறகு பேசலாம், எது வீண் என்று.