ஒரே பந்தி, ஒரே வெண்மை

சண்டிலிப்பாய்ப் பிரதேசத்துக் கத்தோலிக்கப் பங்குகளில், பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை பெறும் முதல்நன்மைத் திருப்பலி நிகழும் காலைப்பொழுதைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். பனங்கூடல் ஓரத்து ஒழுங்கையில் வெண்சட்டையும் மெல்லிய முக்காடும் பூமுடியும் அணிந்து, மெழுகுதிரியைச் சரியாமல் ஏந்திச் சிறுமியர் நடப்பர். வெள்ளை நீளக்காற்சட்டை அணிந்த சிறுவர் சப்பாத்தில் மண் படாதவாறு காலெடுத்து வைப்பர். கல்வளைப் பிள்ளையாரையும் சீரணி நாகபூசணி அம்மனையும் வழிபடும் அயலவரும் படலையில் நின்று அப்பிள்ளைகளைப் பார்த்து மகிழ்வர்.

அந்த வெண்மை இன்று பிளவுபட்டு வருகிறது. ஒரு பிள்ளையின் ஆடை கடல் கடந்த உறவினர் அனுப்பிய பெட்டியில் வருகிறது. வலைத்துணி பல அடுக்காக விரிய, மணிகள் மின்ன, மணமகளின் உடைபோல் அது தரையைத் தொடுகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளையோ அக்காளின் பழைய சட்டையைப் பிடித்துத் தைத்து உடுத்திருக்கிறாள். இருவரும் ஒரே மறையாசிரியரிடம் ஒரே செபங்களைக் கற்றவர்கள். படம் பிடிப்பவர் எவள் பக்கம் அதிக நேரம் நிற்கிறார் என்பதை எட்டு வயதுப் பிள்ளை அறியாள் என்று எண்ணுவது பெரியவர்களின் பேதைமை.

திருச்சபை இப்பிள்ளைகளிடம் கேட்பது என்ன? திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளியிட்ட ஆணை, ஏறத்தாழ ஏழு வயதில் நற்கருணை பெறலாம் என்றது. சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை தன் அறிவுக்கு எட்டியவரை உணர்ந்தால் போதும் என்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 913ஆம், 914ஆம் விதிகள் அறிவையும் ஆயத்தத்தையும் பற்றிப் பேசுகின்றன. பெற்றோரின் கடமையையும் பங்குத்தந்தையின் கடமையையும் வரையறுக்கின்றன. ஆடை பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. வெண்மைக்கு வேர் திருமுழுக்கில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது தனக்கு அணிவிக்கப்பட்ட வெள்ளாடையையே பிள்ளை இப்போது தன் காலில் நடந்துவந்து மீண்டும் உடுத்துகிறது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைவிளக்கமோ, வழிபாட்டில் சடங்காலோ புறப்பகட்டாலோ தனியாட்கள் எவருக்கும் தனிச்சிறப்பு அளிக்கலாகாது என்று 32ஆம் எண்ணில் தெளிவாக வகுத்துள்ளது. அந்த எண் முதல்நன்மை நாளிலும் செல்லுபடியாகும்.

நம் மண்ணின் வரலாறு இதனினும் உரத்துப் பேசுகிறது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லாது போயிற்று. 1687இல் வந்த யோசேவாஸ் அடிகள் குருத்துவ அங்கியைக் களைந்து, இரவலர் கோலத்தில் வந்தார். அவருக்குப் புகலளித்த ஊர் சில்லாலை. இதே பிரதேசத்து ஊர். நம் முன்னோர் இருளில், மூடிய கதவுகளுக்குள், கந்தை உடுத்தவரின் கைகளிலிருந்து நற்கருணை பெற்றனர். அந்த அடிகள் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக உயர்த்தப்பட்டபோது பெருமிதம் கொண்ட நாம், அவருடைய கோலத்தை மறக்கலாமா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மனிதரைச் சாதியால் தரம் பிரிக்க ஆடையைக் கருவியாக்கிய குடாநாடு இது. இன்னார் மேலாடை அணியலாகாது, இன்னார் நகை பூணலாகாது என்று விதித்த சமூகம் இது. பள்ளியில் சம ஆசனம் பெறுவதற்கே போராட வேண்டியிருந்தது. இன்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே வெள்ளைச் சீருடையில் ஒரே வாங்கில் அமர்கிறார்கள். பள்ளிக்கூடம் எட்டிய இடத்திலிருந்து பலிபீடம் பின்வாங்குவது தகாது.

தாய்மாரைப் பழிக்க நாம் எழுதவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எட்டு வயதாயிருந்த சிறுமியர் இன்று பிள்ளை பெற்றவர்கள். சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தால் துணி வெளுத்த காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுள் பலரிடம் தம் முதல்நன்மைப் படம் ஒன்றுகூட எஞ்சவில்லை. தான் உடுத்தாத ஆடையை மகள் உடுத்திப் பார்க்க விரும்பும் அந்த ஏக்கத்தின் முன் நாம் தலை வணங்குகிறோம். ஆயினும் அந்த ஏக்கத்தின் பேரில் ஒரு குடும்பம் நகையை அடகு வைப்பதையும், ஆடைக்குப் பணமில்லாத வீடு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பிள்ளையைப் பின்தள்ளுவதையும் எவ்வாறு பொறுப்பது? பசித்த பிள்ளைக்கு உணவிட உடுப்பைக் காரணம் காட்டித் தாமதிப்பது போன்றது அது.

வழி உண்டு. பிரான்சில் 1950கள் தொட்டே பல பங்குகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகை நீண்ட வெண்ணங்கியை ஏற்றன. அதை அப்படியே இங்கே கொணரவேண்டும் என்பதில்லை. நம் வெக்கைக்குப் பருத்தியே ஏற்றது. ஒவ்வொரு பங்கும் தனக்கென வெள்ளாடைகள் வைத்திருக்கட்டும். போரில் கணவனை இழந்து தையல் இயந்திரத்தால் குடும்பம் நடத்தும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்; தைக்கும் கூலி அவர்களைச் சேரட்டும். வெளிநாட்டு உறவினர் தம் மருமகளுக்கு ஓர் ஆடை அனுப்புவதற்குப் பதிலாக ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு கட்டுத் துணி அனுப்பலாம். இதனைப் பங்குத்தந்தை பிரசங்க மேடையிலிருந்து கட்டளையாக அறிவித்தால் மனங்கள் புண்படும். அருட்பணிச்சபை பெற்றோரை முன்னதாகவே அழைத்து, தாய்மாரின் வாயாலேயே முடிவு பிறக்கச் செய்யவேண்டும். வசதி படைத்த குடும்பங்களே முதலில் முன்வரவேண்டும்.

அடுத்த அணிப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி தொடங்கும் முதல் ஞாயிறே இதற்கு உரிய நாள். அன்று பிள்ளைகளின் பெயரைப் பதியும்போது உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளட்டும். விளிம்பை அகலமாக மடித்துத் தைத்தால், இவ்வாண்டு ஒரு பிள்ளை உடுத்தி, துவைத்து, நீலம் போட்டு மடித்துவைத்த ஆடை, வரும் ஆண்டில் சற்று உயர்ந்த இன்னொரு பிள்ளைக்கும் பொருந்தும்.