அடைக்கலம் சட்டமாகட்டும்

1908 ஆகஸ்டில் 'இந்தியா' வார இதழின் பதிவுபெற்ற ஆசிரியர் சீனிவாசன் சென்னையில் கைதானார். ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். இதழை உண்மையில் நடத்திவந்த பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். சக ஊழியர் சிறையில் வாட இவர் தப்பி ஓடினார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்த நெருடல் நியாயமானதுதான். ஆனால் ஜூலையில்தான் வ.உ.சி.க்கு நாற்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. பாரதியும் உள்ளே போயிருந்தால் இதழ் அத்தோடு முடிந்திருக்கும். அக்டோபரிலேயே அது புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது, கருத்துப்படங்களோடு.

1942-இல் அண்ணா 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியபோது காஞ்சிபுரத்தில் தம் வாசகர்கள் நடுவிலேயே இருந்தார். பாரதிக்கு அது வாய்க்கவில்லை. அவருடைய வாசகர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் தபால் நிலையங்களின் தயவில் இருந்தார்கள். இதழ் உள்ளே வர அரசு தடை போட்டது. 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது. பாரதி மேலும் எட்டாண்டு புதுச்சேரியிலேயே இருந்தார். 1918 நவம்பரில் கடலூர் அருகே பிரிட்டிஷ் எல்லைக்குள் கால்வைத்ததும் கைதானார். பத்தாண்டு அவருக்கு உயிர்ப் பாதுகாப்பு தந்த பிரெஞ்சு அரசும் ஒரு காலனி அரசுதான். இரு வல்லரசுகளின் போட்டியில் கிடைத்த இடைவெளி அது. அந்த உறவு மாறினால் இடைவெளியும் மூடிக்கொள்ளும்.

பெர்தோல்ட் யாக்கோப் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளரின் வாழ்க்கை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. தம் நாடு ரகசியமாகப் படை பெருக்குவதை அம்பலப்படுத்தி வந்த அவர், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் தங்கி ஹிட்லர் ஆட்சியைத் தோலுரித்தார். 1935 மார்ச்சில் அவரை ஹிட்லரின் ஆட்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு ஆசைகாட்டி வரவழைத்து, அங்கிருந்து ஜெர்மனிக்குக் கடத்தினார்கள். சுவிட்சர்லாந்து சும்மா இருக்கவில்லை. கடத்தியவரைக் கைதுசெய்தது, சர்வதேச நடுவர் மன்றம்வரை விவகாரத்தைக் கொண்டுபோனது. செப்டம்பரில் ஹிட்லர் அரசு யாக்கோபைத் திருப்பி அனுப்பியது. 1941-இல் லிஸ்பனில் மீண்டும் கடத்தப்பட்டபோது அவரை மீட்க எந்த அரசும் அப்படி நிற்கவில்லை. 1944-இல் பெர்லினில் காவலில் நலிந்து இறந்தார். மனிதர் ஒருவரே, எதிரியும் ஒருவரே. முதல் முறை அவரைக் காப்பாற்றியது, தன் மண்ணில் நடந்த குற்றத்தைச் சட்டப்படி தட்டிக்கேட்ட ஓர் அரசு.

இந்தியாவில் அடைக்கலத்துக்கென்று ஒரு சட்டம் இன்றும் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்திடவில்லை. இலங்கையில் எழுத்துக்காக 2009-இல் இருபதாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்ற பத்திரிகையாளர் ஜெ.எஸ். திசைநாயகம், மறு ஆண்டு மன்னிப்புப் பெற்றபின் அமெரிக்காவுக்குச் சென்றார். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமே தமிழ்நாடு இருந்தும் அவரைப் போன்றவர்களுக்கு இங்கே உரிமையோடு கேட்டுப் பெறும் அடைக்கலம் கிடையாது. கிடைப்பதெல்லாம் அந்தந்த நேரத்து அரசின் மனம்.

அடைக்கலச் சட்டம் வந்தால் அண்டை நாடுகளோடு உறவு கெடும் என்பார்கள். உண்மையில் சட்டம் இல்லாதபோதுதான் ஒவ்வொரு அடைக்கலமும் அரசியல் முடிவாகி, அண்டை நாட்டின் கோபத்துக்கு ஆளாகிறது. முடிவு நீதிமன்றத்திடம் இருந்தால் எங்கள் கையில் இல்லை என்று டெல்லி சொல்லலாம். பத்திரிகையாளர் போர்வையில் உளவாளிகள் வருவார்கள் என்ற அச்சத்துக்கும் விசாரணைதான் மருந்து. இன்று அந்த விசாரணைக்கே சட்டம் வரையறுத்த முறை கிடையாது.

2015-இல் சசி தரூர் மக்களவையில் அடைக்கலத்துக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பாரதிக்கு விழா எடுக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அதைக் கட்சி வேறுபாடின்றி மீண்டும் எழுப்ப வேண்டும். எழுத்துக்காகத் துரத்தப்பட்டு வந்தவரை, நீதிமன்றம் விசாரித்து முடிக்கும்வரை அவருடைய அரசிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற ஒரு பிரிவையாவது முதலில் நிறைவேற்றட்டும்.