மார்ச் மாதம் எங்கே போயிற்று?

ஆவடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பேரன், போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தாத்தா, ஒவ்வொரு எண்ணும் அதுக்கு முந்தின எண்ணிலிருந்து வர்ற ஒரு வரிசை. அதையெல்லாம் கூட்டுறதுக்கு புரோகிராம் எழுதணும். ஏதாவது உதாரணம் சொல்லுங்க" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாக அதைத்தானே செய்தேன்!

ஜி.பி.எஃப். லெட்ஜர் எழுதியவர்களுக்குத் தெரியும். போன மாத இருப்போடு இந்த மாதச் சந்தாவைச் சேர்த்தால் இந்த மாத இருப்பு. ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு இருப்புகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஒரு மாத வட்டி போடுவோம். ஆரம்ப இருப்பு 10,000, சந்தா 500 என்றால் ஏப்ரலில் 10,500, மார்ச்சில் 16,000. பன்னிரண்டும் சேர்ந்து 1,59,000. தொண்ணூறுகளில் வட்டி 12 சதவீதம், அதாவது மாதம் ஒரு சதவீதம். ஆக 1,590 ரூபாய். (இப்போது 7.1. அந்தப் பெருமூச்சை இன்னொரு நாள் விடுகிறேன்.)

பேரன் முதலில் எழுதியதில், மார்ச் இருப்பு வேண்டுமென்றால் அது பிப்ரவரியைக் கேட்கும். பிப்ரவரி ஜனவரியைக் கேட்கும். இப்படியே ஏப்ரல் வரை போய்த் திரும்பும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் கணக்கு வாத்தியார் இந்த மாதிரி வரிசையை 'ஸுயித் ரெக்யுராந்த்' என்று சொல்லி, கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிவிடுவார். அழகுதான். ஆனால் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி ஏப்ரலுக்குப் போனால் வருஷத்துக்கு 78 தடவை சந்தா கூட்ட வேண்டும். முப்பது வருஷ சர்வீசை, அதாவது 360 மாதத்தை, இப்படிப் போட்டால் 64,980 தடவை! பக்கத்தின் அடியில் போட்ட தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதத் தெரிந்த கிளார்க்குக்கு 360 போதும். அதற்குத்தான் இவர்கள் லூப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டே கட்டம்: ஒன்றில் இருப்பு, மற்றதில் இதுவரை சேர்ந்த கூட்டுத்தொகை.

அவன் லூப் போட்டு எழுதினான். வட்டி 1,430 என்று வந்தது.

"160 குறையுதேடா."

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது தாத்தா."

16,000க்கு ஒரு சதவீதம் 160. அப்படியென்றால் மார்ச் விட்டுப்போயிருக்கிறது. பைத்தானில் ஒன்றிலிருந்து 12 வரை என்று எழுதினால் 11லேயே நின்றுவிடுமாம். அதை அவன்தான் கண்டுபிடித்தான். ஆனால் விடையைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்காமல் இருந்திருந்தால், அந்த 1,430ஐ அப்படியே சமர்ப்பித்திருப்பான். இதுதான் என் குறை: ஒரு வருஷக் கணக்கைக் கையால் போட வைக்காமல் லூப் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

160 ரூபாய்க்கா இத்தனை பேச்சு என்பீர்கள். கடைநிலை ஊழியர்களின் கணக்கு எங்கள் அலுவலகத்திலேயே இருந்தது. ஒருவருடைய ஆரம்ப இருப்பு 16,450ஐ நான் 14,650 என்று புதுப் பக்கத்தில் எழுதிவிட்டேன். மனசுக்குள் பிரெஞ்சில் எண்ணும் பழக்கம் எனக்கு. அதன் மேல் பழியைப் போடலாம், ஆனால் கவனக்குறைவுதான். ஐந்து வருஷம் கழித்து அவர் ஓய்வு பெறும்போது தன் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வட்டிக்கு வட்டி ஏறி வித்தியாசம் 3,172 ஆகியிருந்தது. வருஷம் வருஷமாகப் பின்னால் போய் 1,800இல் நின்றேன். ஒன்பதால் வகுபடுகிறது, அப்படியென்றால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கிளார்க்குகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருத்தி, ஒப்புதல் வாங்கி, பணம் அவர் கைக்கு வர நாலு மாதம். திருநின்றவூரில் வாங்கிய மனைக்கு அவர் கடைசித் தவணை கட்ட வேண்டிய தேதி அதற்குள் போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பேரன் 12ஐ 13 ஆக்கினான், 1,590 வந்தது. என் பழைய கணக்குச் சீட்டு ஒன்றைக் கொடுத்து, ஒரு வருஷத்தைப் பேப்பரில் போடச் சொல்லியிருக்கிறேன். ஜூலை வரை வந்திருக்கிறான்.