இங்கிலீஷ் வழியாக ஜப்பானுக்குப் போகாதீர்கள்

எதிர் வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டால் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கே அனுப்புகிறார்களாம். அவள் அம்மா சொன்னார். மறுநாள் அவளைப் பார்த்தபோது, "பேர் குடுத்துட்டியாம்மா?" என்றேன்.

"இல்ல சார்."

"ஏன்?"

"எனக்கு இங்கிலீஷே தகராறு சார். கிளாஸ்ல போய் விசாரிச்சேன். முதல்ல மூணு மாசம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சேருங்க, அப்புறம் ஜாப்பனீஸ்ல சேத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு ஃபீஸும் கட்ட முடியாது சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போக வேண்டியவளிடம், முதலில் டெல்லிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். அவளும் பாவம், தனக்கு மதுரை லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மொழி கற்க இங்கிலீஷ் தேவையில்லை. தமிழ் ஒழுங்காகப் பேசத் தெரிந்தவருக்கு அதன் இலக்கணத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். நான் பண்டிதன் இல்லை. ஐம்பது வயசுக்கு மேல் சொந்தமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றவன். முதல் ஒன்றரை வருஷம் நானும் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு மாரடித்தேன். அந்த ஒன்றரை வருஷத்தை யாராவது திருப்பித் தந்தால் தேவலை.

உதாரணம் பாருங்கள். 'நேற்று வாங்கின புத்தகம்.' இதை இங்கிலீஷில் சொல்ல வேண்டுமானால் புத்தகத்தை முன்னால் இழுத்து வந்து, நேற்றைக் கடைசியில் தள்ளி, தலைகீழாக நிற்க வேண்டும். ஜப்பானியத்தில்: கினோ கத்த ஹொன். கினோ நேற்று, கத்த வாங்கின, ஹொன் புத்தகம். அவ்வளவுதான். 'நாளைக்கு வரேன்னு சொன்னான்' என்பதற்கு: அஷித குரு தொ இத்த. அஷித நாளை, தொ என்பதுதான் நம்முடைய 'என்று'. அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வேற்றுமை உருபுகளும் இப்படித்தான். இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வருவதெல்லாம் ஜப்பானியத்தில் நம்மைப் போலவே பின்னால் ஒட்டிக்கொள்ளும். 'ஐ'க்கு ஒ, 'கு'வுக்கு நி, 'இருந்து'க்குக் கர, 'உம்'முக்கு மொ. கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் 'க' போடுகிறார்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்காத இடம் வினையெச்சம். தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறது. 'மிரு' நிஜமாகவே 'பார்' என்கிற வினைதான். கத்தெ ஒகு என்றால் வாங்கி வைக்கிறது. 'ஒகு' என்றால் வை. கத்தெ குரெரு என்றால் எனக்கு வாங்கித் தருகிறது. இங்கிலீஷ் புத்தகங்கள் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம், தனி விளக்கம், தனிப் பயிற்சி வைக்கும். நம் வீட்டுக் குழந்தை மூணு வயசில் பேசுகிற சமாசாரம் இது. அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, புரியாமல் தலையைச் சொறிந்து, பிறகு மனசுக்குள் திரும்பத் தமிழாக்கிக்கொள்கிறோம். இந்த வேலையற்ற வேலைக்குப் பெயர் படிப்பு.

"உலகத்திலேயே கஷ்டமான மொழி ஜாப்பனீஸ்" என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தருகிறது. அவர்கள் கணக்கில் ஸ்பானிஷுக்கு 30 வாரம், ஜப்பானியத்துக்கு 88 வாரம், 2,200 வகுப்பு மணி. கணக்கு சரிதான். ஆனால் யாருக்கு? இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு. அவர்கள் கால் அளவுக்குத் தைத்த செருப்பை நாம் ஏன் மாட்டிக்கொண்டு நொண்ட வேண்டும்?

உடனே சிலர் கிளம்பிவிடுவார்கள்: பார்த்தீர்களா, தமிழிலிருந்து வந்ததுதான் ஜப்பானிய மொழி என்று. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று நிறைய எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அந்தப் பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது, அது போதும். பெருமை பேசுகிற நேரத்தில் பத்து வார்த்தை படிக்கலாம்.

சரி, எப்படிப் படிப்பது?

முதலில் எழுத்து. ஹிரகன என்ற அடிப்படை எழுத்து 46. வரிசை என்ன தெரியுமா? அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பௌத்தத்தோடு அங்கே போன சம்ஸ்கிருத எழுத்து முறையின் பாதிப்பில் அமைந்த வரிசை. தினம் ஐந்து எழுத்து என்றால் பத்தே நாள். கதகன என்ற இன்னொரு 46-க்கு இன்னும் பத்து நாள்.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு வழியில்லாமல் நான் எழுதுகிறேன்; நோட்டில் நீங்கள் அதைச் செய்யக் கூடாது. தங்கத்துக்கும் 'கின்', வெள்ளிக்கும் 'கின்' என்றுதான் நாம் எழுத முடியும். முதலாவது 'கடை'யில் வரும் க, இரண்டாவது 'கங்கை'யின் முதல் க. ஹிரகனவில் மேலே இரண்டு புள்ளி வைத்துப் பிரித்துவிடுவார்கள். நம் நோட்டில் தங்கமும் வெள்ளியும் ஒன்றாகிவிடும். குறில் நெடிலில் மட்டும் நமக்குக் கவலையில்லை. ஒபசன் அத்தை, ஒபாசன் பாட்டி. இங்கிலீஷ்காரர் இங்கே திணறுவார், நாம் மாட்டோம்.

இரண்டாவது, காது. ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட 'இரொதொரி' பாடநூலை ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு உரையாடல். பத்து தடவை கேளுங்கள். பிறகு அந்தக் குரலின் கூடவே, அரை விநாடி பின்னால், நிழல் மாதிரி சொல்லுங்கள். அர்த்தம் தெரியாவிட்டால் தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செல்போனில் உங்கள் குரலைப் பதிவு செய்து அசலோடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் வெட்கமாக இருக்கும். அப்புறம் வெட்கம் போய்விடும், உச்சரிப்பு வந்துவிடும்.

மூன்றாவது, வார்த்தை. படித்தது மறக்கும். எப்படி மறக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்கிற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் புத்தகம் எழுதினார். அதற்கு எளிய மருந்தை 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்கிற பத்திரிகையாளர் சொன்னார். ஒரு அட்டைப்பெட்டி, அதில் ஐந்து தடுப்பு. வார்த்தைகளைச் சின்ன அட்டையில் எழுதி முதல் அறையில் போடுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பானது எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், பின்னால் உள்ளவற்றை நாள் தள்ளித் தள்ளி. செல்போனில் இதே வேலையைச் செய்யும் செயலிகள் இலவசமாகவே உண்டு. ஸ்வீட் டப்பாவே போதும்.

நான்காவது, கஞ்சி. சாப்பிடுகிற கஞ்சி இல்லை, சீனாவிலிருந்து வந்த சித்திர எழுத்து. இங்கே தமிழருக்குத் தள்ளுபடி கிடையாது. ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கிறது. தினம் மூன்று என்றால் இரண்டு வருஷம். ஆகவே 'முப்பது நாளில் ஜப்பானியம்' என்று அட்டையில் போட்டிருப்பதை வாங்காதீர்கள். முப்பது நாளில் எழுத்தைக் கற்கலாம், சிரித்து வணக்கம் சொல்லலாம். அதற்கு மேல் யார் சொன்னாலும் பொய்.

"பேச ஆள் இல்லையே சார்?" எல்லோரும் சொல்லும் சாக்கு. பிற்பாடு ட்ராய் நகரைத் தோண்டியெடுத்துப் பெயர் வாங்கிய ஹைன்ரிஷ் ஷ்லீமன், 1844-ல் ஆம்ஸ்டர்டாமில் குமாஸ்தாவாக இருந்தபோது ரஷ்ய மொழி கற்க ஆசிரியர் கிடைக்காமல் திண்டாடினார். ஒரு ஏழை மனிதரை வாரத்துக்கு நாலு பிராங்க் சம்பளத்துக்கு அமர்த்தி, தினம் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவர் எதிரில் ரஷ்ய மொழியில் ஒப்பித்தார். வந்தவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது! ஷ்லீமன் போட்ட சத்தத்தில் மற்றக் குடித்தனக்காரர்கள் புகார் செய்ய, இரண்டு முறை ஜாகை மாற வேண்டியிருந்ததாம். ஆறே வாரத்தில் ரஷ்ய மொழியில் கடிதம் எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆசாமி கொஞ்சம் அளப்பவர்தான், கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாயைத் திறந்தார். உங்கள் அம்மாவோ தம்பியோ பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்கட்டும். சம்பளம்கூடத் தர வேண்டாம்.

வாயைத் திறப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உலகமெங்கும் நடக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதில் நாம் சூரர்கள். வகுப்புகளும் அதற்குத்தான் தயார் செய்கின்றன. சான்றிதழ் வாங்கிவிட்டு, எதிரில் ஒரு ஜப்பானியர் வந்து நின்றால் திருதிருவென்று விழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் வேலைக்குத் தேவை, வாங்குங்கள். நல்ல ஆசிரியர் கிடைத்தால் ஆறு மாதம் தனியாகப் படித்துவிட்டுப் போய் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் இங்கிலீஷ் வராது என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பினால், அவமானம் உங்களுக்கில்லை. தமிழ்நாட்டில் கடை போட்டுக்கொண்டு தமிழில் விளக்கத் தெரியாதவர்களுக்குத்தான்.

இதையெல்லாம் எதிர் வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். பாதி நம்பினாள். பஸ்ஸில் போக வர இரண்டரை மணி நேரம் அவளுக்குக் கிடைக்கிறது. ஒலிப்பதிவை இறக்கிக் கொடுத்தேன். இப்போது ஐந்தாவது வாரம். பெயர் கொடுத்துவிட்டாள். அனுப்புவார்களா, தெரியாது. ஹிரகன முழுக்க வந்துவிட்டது.

நேற்று விடியற்காலை பால் வாங்க இறங்கினபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"இத்தெ கிமஸ்!"

ஜப்பானில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் சொல்வது. இத்தெ என்றால் போய்ட்டு, கிமஸ் என்றால் வரேன். உள்ளேயிருந்து அவள் அம்மா, மகள் என்ன மொழியில் பேசினாள் என்றே தெரியாமல், பழக்கத்தில் பதில் சொன்னார்:

"பாத்து, போய்ட்டு வாம்மா."

ஜப்பானில் ஒரு அம்மாவும் இதையேதான் சொல்லியிருப்பார்.