ஓடுகிறவன் துரோகியா?

பதுளைக் கல்லூரி ஓட்டவீரன் ஒருவன் எதிர்க்கல்லூரிக்கு மாறிவிட்டால், நேற்றுவரை அவனைத் தோளில் சுமந்தவர்களே இன்று "துரோகி" என்று கூவுகின்றனர். உலகெங்கும் இதே கூத்துத்தான்! கென்ய வீரர் ஸ்டீபன் செரோனோ 2003இல் கத்தார் குடியுரிமை பெற்று, பாரிஸ் உலகப் போட்டியில் 3,000 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் தங்கம் வென்றார். கென்யா சினந்தது, 2004 ஒலிம்பிக்கில் அவர் ஓட இசையவில்லை.

கென்யர் சினக்கட்டும், நாம் சினக்கலாமா? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, நம் சம்மதத்தை எவர் கேட்டார்? ஊவாத் தோட்டங்களில் ஒரே லயத்து உறவுகள் கடலால் பிரிந்தன. அவர்களின் வழிவந்தோர், நல்ல பயிற்சியை நாடித் தானே முடிவெடுத்த மாணவனைத் தூற்றுவதா? விடுகைப் பத்திரம் கேட்கும் உரிமை அவன் பெற்றோருடையது. மைதான வேலியோரம் நின்று கூவும் நம்முடையதன்று.