பள்ளிக்கூடப் பெண்ணும் கொலை வழக்கும்
17 வயதுப் பள்ளிக்கூடப் பெண் கொலைக்குத் துப்புத் துலக்குவதாவது, நம்பக்கூடியதா என்கிறார் நண்பர். ஹாலி ஜாக்ஸன் 2019-ல் வெளியிட்ட 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' நாவலைத்தான் சொல்லுகிறார்.

நம்பலாம் என்பது என் கட்சி. அந்த ஊர்ப் போலீஸ் தேடித் தோற்கவில்லை. காதலியைக் கொன்றவன் என்று, செத்துப்போன ஸல் சிங் தலையில் பழியைப் போட்டு வழக்கையே மூடிவிட்டது. 5 வருஷம் கழித்துப் பிப் என்ற மாணவி, பள்ளிக்கூடக் கட்டுரைக்காக என்று சொல்லி ஊராரை விசாரிக்கிறாள். போலீஸிடம் வாய் திறக்காதவன் சிறு பெண்ணிடம் உளறுவது உலக இயல்பல்லவா?

கொலையாளி யார் என்ற கேள்வியா என்னைப் பதற வைத்தது? இல்லை. ஸல்லின் தம்பி, கொலைகாரன் வீட்டுப் பிள்ளையாகத் தெருவில் நடக்கிறானே, அதுதான். அந்தப் பதைப்பு இல்லாத நாவலில் பத்துப் பிணம் விழுந்தாலும் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.